குப்பி பார்க்கும் யசோதரா

பொம்மசந்திராவில் ஊசி மருந்தைக் குப்பியில் அடைத்து அனுப்பும் கம்பெனி ஒன்றில் யசோதராவுக்குப் பதினான்கு வருடமாக ஒரே வேலை: பார்ப்பது. மெஷின் மருந்தை நிரப்பும், மூடி போடும், அலுமினியத் தொப்பி மாட்டும். எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொரு குப்பியும் ஒரு மனுஷக் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். கறுப்புப் பலகைக்கு முன்னால் ஐந்து விநாடி, வெள்ளைப் பலகைக்கு முன்னால் ஐந்து விநாடி. குப்பியைச் சுழற்றி நிறுத்தினால் உள்ளே மருந்து மட்டும் கொஞ்ச நேரம் சுழன்றுகொண்டிருக்கும். அதோடு சேர்ந்து ஒரு நூலிழையோ கண்ணாடித் துணுக்கோ சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் சிவப்புக் கூடை, இல்லாவிட்டால் பச்சைக் கூடை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று ஊரில் சும்மா சொல்வார்கள். அதையே சம்பளத்துக்குச் செய்கிறவள் இவள்.

அவளுடைய அப்பா தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியபோது யசோதரா பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். பிறகு அந்த ஊரில் பாதிப் பேர் செய்ததை அவளும் செய்தாள்: விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வந்து வேலை பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு ஜீவனஹள்ளியில் ஒரு மாடி வீடு. கணவன் குணசேகர் ஏசி ரிப்பேர் செய்கிறவன், அதிகம் வாய் திறக்காதவன். யசோதராவின் பிறந்த வீடு நாலு தலைமுறையாகப் புத்தரைக் கும்பிடும் வீடு. கேள்வி கேட்காமல் தலையாட்டும் பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது, இவளுக்கு அறவே கிடையாது.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அது வந்தது. மனச்சோர்வு என்று இப்போது பெயர் தெரியும், அப்போது தெரியாது. ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொரு செருப்பைப் பார்த்தபடி கட்டில் ஓரத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பாள். சொந்தக்காரர்கள் காரணம் தேடிக்கொண்டு வந்தார்கள். குழந்தை இல்லாத ஏக்கம் என்றாள் நாத்தனார். கண் பட்டிருக்கிறது என்றார் பக்கத்து வீட்டம்மா. வேலைக்குப் போகும் பொம்பளையின் திமிர் என்று ஒரு பெரிய மனுஷர் சொன்னாராம், அவர் நன்றாக இருக்கட்டும். சர்க்கரை வந்தவரிடம் யாரும் கதை கேட்பதில்லை, இதற்கு மட்டும் ஒரு கதை வேண்டியிருக்கிறது. கதை சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த நாட்களில் அவள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே குறை, வீட்டில் வெளிச்சம் போதவில்லை என்பது. குணசேகர் டியூப்லைட்டை மாற்றினான். ஒரு வாரம் கழித்து மறுபடியும் சொன்னாள், எல்இடி பட்டை வாங்கி மாட்டினான். அதுவும் மங்கல் என்றாள். கம்பெனியிலும், உட்கார்ந்து குப்பி பார்க்கும் தன் பூத்தில் விளக்கு மங்கிவிட்டது என்று புகார் கொடுத்தாள். பராமரிப்புக்காரர் மீட்டரோடு வந்து அளந்து பார்த்து, வெளிச்சம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். விளக்கை அளந்தார்களே தவிர, அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளை யாரும் அளக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சோர்வு பிடித்திருந்த அந்த இரண்டு வருடமும் கம்பெனி அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. சாதாரணமாக நூறு குப்பி பார்த்தால் இரண்டு குப்பி சிவப்புக் கூடைக்குப் போகும். யசோதராவிடம் அது நூற்றுக்கு அரையாக இறங்கியது. தள்ளும் குப்பி குறைவு, வேகம் அதிகம், பக்கத்து பூத் பெண்களோடு பேச்சும் இல்லை. வருடக் கடைசியில் சிறந்த ஆய்வாளர் என்று மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். மேடையில் நின்றபோது தன் கையையே வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

கடைசியில் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது, வாயே திறக்காத அந்தக் குணசேகர்தான். முதல் மாத்திரை பலிக்கவில்லை. இரண்டாவது மாத்திரையில் பத்து நாள் வாய் வறண்டது, செல்போன் எழுத்தெல்லாம் மங்கியது. அந்தப் பத்து நாளும் லீவு போட்டுவிட்டு யசோதரா நேராக, மாத்திரை எழுதிக்கொடுத்த மனநல டாக்டர் வீணாவிடம் போனாள். மனசைச் சரிபண்ணக் கண்ணைக் கேட்டால் தர முடியாது, கண்தான் தனக்குச் சோறு போடுகிறது என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னாள். வீணா சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். இன்னொரு வழி இருக்கிறது என்றார்: தலையின் இடதுபக்க முன்புறத்தில் ஒரு காந்தச் சுருளை வைத்து, சோர்ந்து கிடக்கும் மூளைப் பகுதியைத் தட்டி எழுப்புவது. மயக்க மருந்து கிடையாது, வாரம் ஐந்து நாள், ஆறு வாரம்.

“கண்ணுக்கு இன்னா ஆவும் மேடம்? அத மட்டும் மறைக்காம சொல்லுங்க” என்றாள் யசோதரா.

வீணா மறைக்கவில்லை. தட்டும்போது இடது இமையும் புருவமும் துடிக்கும், கண்ணில் நீர் வரலாம், தலை வலிக்கலாம். மெஷின் நின்றால் துடிப்பும் நிற்கும். கண்ணின் அழுத்தம், விழித்திரை இவற்றையெல்லாம் சிலர் ஆராய்ந்திருக்கிறார்கள். பெரிய கெடுதல் என்று எதுவும் நிரூபணமாகவில்லை, ஆனால் ஆராய்ந்தவர்கள் குறைவு. எங்கோ ஒருவருக்குக் கண்ணில் பிரச்சினை வந்ததாகச் செய்தி இருக்கிறது, காந்தத்தால்தானா என்று யாருக்கும் தெரியாது. அதனால் முன்னாலும் பின்னாலும் கண்ணைச் சோதித்துக்கொள்வோம் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். யசோதரா அந்த ஒரு காரணத்துக்காகவே சரி என்றாள்.

கண் பிரிவில் இரண்டு அட்டைகளைக் காட்டினார்கள். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது, எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போகும். கம்பெனியில் வருடாவருடம் கண்ணைச் சோதிக்கக் காட்டுவது அதைத்தான், அதில் அவளுக்கு எப்போதும் முழு மதிப்பெண், அன்றும் அப்படியே. இன்னொன்றில் எழுத்துகள் எல்லாம் ஒரே அளவு, வரிக்கு வரி சாம்பலாகி வெளுத்துக்கொண்டே போயின. எட்டு வரியில் ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். கீழே வெறும் அட்டை என்று நினைத்தாள்.

அவளுக்கு இரண்டாவது ஷிஃப்ட் என்பதால் காலையில் சிகிச்சை, மதியம் வேலை என்று ஏற்பாடாயிற்று. தலையில் துணித்தொப்பி, காதில் அடைப்பான். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க முதலில் அங்கங்கே தட்டிப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் தட்டியதும் வலது கட்டைவிரல் தானாகத் துள்ளியது, அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அங்கிருந்து அளவெடுத்துச் சுருளை நெற்றிப் பக்கம் நகர்த்தினார்கள். பிறகு விரல் முட்டியால் தேங்காயைத் தட்டுவதுபோல டக்டக்கென்று வேகமாக ஒரு தொடர், கொஞ்சம் ஓய்வு, மறுபடியும் தொடர். ஒவ்வொரு தட்டுக்கும் இடது இமை துடித்தது, கண்ணீர் காதுவரை வழிந்தது. அழுகை இல்லாத கண்ணீர். இரண்டு வருடமாக அழக்கூட முடியாமல் இருந்தவளுக்கு அதுவே ஒரு வேடிக்கையாக இருந்தது.

இங்கேதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். பூத்துக்குள் போகும் முன் எல்லோரும் ஒரு ரிஜிஸ்டரில் எழுத வேண்டும்: காய்ச்சல் உண்டா, சளி உண்டா, கண்ணில் ஏதாவது மாற்றம் உண்டா. மூன்றுக்கும் ‘ஓகே’ என்று எழுதிவிட்டு உள்ளே போவதுதான் வழக்கம். கண் சிவந்து வந்தவர்கள்கூட ஓகே என்றுதான் எழுதினார்கள். யசோதரா மூன்றாவது கட்டத்தில், தலையில் காந்தச் சிகிச்சை நடக்கிறது, சிகிச்சையின்போது மட்டும் இடக்கண் துடிக்கிறது, இப்போது இல்லை என்று ஒழுங்காக எழுதினாள். கேட்டிருக்கிறார்கள், பதில் சொன்னாள். பக்கத்து பூத் பெண் எட்டிப் பார்த்து, பொம்பளைக்கு இடக்கண் துடித்தால் நல்லது நடக்கும், இதைப் போய் எழுதுவார்களா என்று கிண்டல் செய்தாள்.

நாலாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, கறுப்புப் பலகைக்கு முன்னால் ஒரு குப்பியைச் சுழற்றி நிறுத்தியபோது உள்ளே ஒரு இழை மெதுவாகத் திரும்பியது. தலைமுடியில் கால்வாசி கனம்கூட இருக்காது. அதைப் பார்த்தபடியே அவள் ஐந்து விநாடியைத் தாண்டிவிட்டாள். இப்படி ஒரு இழையைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தாள், நினைவுக்கு வரவில்லை. அன்றைக்குச் சிவப்புக் கூடை நிறைந்தது. அடுத்த வாரமும் நிறைந்தது. நூற்றுக்கு அரை என்றிருந்தது மூன்றைத் தொட்டது.

ஆறு வாரம் முடிந்து மறுபடியும் அந்த வெளுத்த அட்டையைக் காட்டியபோது, வெறும் அட்டை என்று நினைத்த இடத்தில் எழுத்துகள் இருந்தன. ஏழாவது வரி முழுவதும் படித்தாள், எட்டாவதில் ஒன்றைத் தப்பாகச் சொன்னாள். கண்ணில் வேறு கெடுதல் எதுவும் இல்லை. காந்தம் கண்ணைக் கூர்மையாக்கும் என்று தான் ஒருபோதும் எழுதித் தர மாட்டேன் என்று வீணா எச்சரித்தார். மனச்சோர்வில் சிலருக்குக் கறுப்பு வெள்ளை வித்தியாசமே மங்கிவிடுவதாக ஆராய்ச்சிகள் சொல்கின்றன, சோர்வு விலகும்போது அது திரும்பலாம், அதற்குமேல் தனக்குத் தெரியாது என்றார். இரண்டு அட்டைகளின் முடிவையும் தாளில் எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரமே தேஜஸ் அவளைக் கூப்பிட்டனுப்பினான். தரக்கட்டுப்பாட்டு அதிகாரி, முப்பதைத் தாண்டாத பையன், கெட்டவன் இல்லை. கம்ப்யூட்டரில் அவள் தள்ளிய குப்பிகளின் கணக்குக் கோடு சடாரென்று மேலே ஏறியிருந்தது. காரணம் தேடி ரிஜிஸ்டரைப் புரட்டியிருக்கிறான், நூற்றுக்கணக்கான ஓகேக்களுக்கு நடுவில் இவள் எழுதியது கிடைத்துவிட்டது. காந்தம் கண்ணைக் கெடுத்துவிட்டது, இல்லாத தூசி தெரிகிறது, நல்ல குப்பிகள் குப்பைக்குப் போகின்றன என்று முடிவே கட்டிவிட்டான். மேஜையில் ஒரு தாள் தயாராக இருந்தது: மருத்துவக் காரணத்தால், சொந்த விருப்பத்தின்பேரில், அட்டைப்பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றம்.

பக்கத்தில் ஓஸ்வால்ட் உட்கார்ந்திருந்தார். லிங்கராஜபுரத்துக்காரர், யசோதராவின் பிரிவுக்கு மேற்பார்வையாளர், பதினான்கு வருடமும் அவளோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் வந்தவர். அதே சம்பளம், அதே பஸ், கையெழுத்துப் போட்டுவிடு என்று தமிழில் மெதுவாகச் சொன்னார்.

யசோதராவுக்குக் காது சூடாகியது. பயமும்தான். இந்த வேலையைத் தவிர வேறு எதுவும் அவள் கற்றுக்கொண்டதில்லை. ஆனால் ‘சொந்த விருப்பத்தின்பேரில்’ என்ற வார்த்தையைப் படித்ததும் பயத்தைவிடக் கோபம் பெரிதாகிவிட்டது. அந்த விருப்பம் எனக்கே தெரியாமல் எனக்கு எப்போது வந்தது என்று கன்னடத்தில் தேஜஸைக் கேட்டாள். கண் கெட்டுவிட்டதென்றால் சோதித்துப் பார்க்க வேண்டியதுதானே, பரீட்சைப் பெட்டியைக் கொண்டு வாருங்கள், ஒரு தடவையல்ல, மூன்று தடவை என்றாள்.

பரீட்சைப் பெட்டி என்பது வருடத்துக்கு ஒரு தடவை ஆய்வாளர்களைச் சோதிக்க வைத்திருக்கும் நூற்றிருபது குப்பிகள். அதில் தொண்ணூறு நல்லது, முப்பதில் வேண்டுமென்றே தூசியும் இழையும் கண்ணாடித் துணுக்கும் வைத்து மூடியிருப்பார்கள். எது எது என்பது அடியில் நீல விளக்குக்கு மட்டும் தெரியும் மையால் எழுதியிருக்கும். முப்பதில் இருபத்தொன்றைப் பிடித்தால் பாஸ், நல்ல குப்பிகளைத் தள்ளினால் ஃபெயில். திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் உட்கார்ந்தாள். கலைத்து அடுக்கிய குப்பிகளைத் தேஜஸே எடுத்து நீட்டினான், கடிகாரத்தை ஓஸ்வால்ட் பிடித்தார். முதல் நாள் இருபத்தொன்பது. அடுத்த இரண்டு நாளும் முப்பது. நல்ல குப்பி ஒன்றைக்கூட அவள் தள்ளவில்லை.

தேஜஸ் நியாயமாகவே கைகொடுத்தான். ஓஸ்வால்டுக்கு முகமெல்லாம் பல். விசாரணையை முடித்துவிடலாம், ஆய்வாளரின் பார்வை சரி, மேல்நடவடிக்கை தேவையில்லை, பூத்துக்குப் போகலாம் என்றார்கள். அவள் கேட்டது அதுதான், கிடைத்தும்விட்டது. அத்தோடு எழுந்து வந்திருந்தால் இந்தக் கதையை யாரும் சொல்லியிருக்க வேண்டாம்.

அவள் எழுந்திருக்கவில்லை. போன வருடம் இதே பெட்டியில் தான் வாங்கிய மார்க் எவ்வளவு என்று கேட்டாள். பாஸ்தான் என்றான் தேஜஸ். தாளைக் காட்டச் சொன்னாள். இருபத்திமூன்று. தவறவிட்ட ஏழு குப்பிகளின் எண்களை இந்த வருடத் தாளோடு வைத்து விரலால் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏழும் மெல்லிய இழை, மெல்லிய துணுக்கு. பெரிய தூசியெல்லாம் பிடித்திருக்கிறாள், மங்கலானது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வீணா கொடுத்த தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். ஐந்தாவது வரி. ஏழாவது வரி.

 மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. இன்றைய கண் சரி என்றால் அன்றைய கண் சரியில்லை. அந்த இரண்டு வருடத்தில் அவள் பச்சைக் கூடையில் போட்ட குப்பிகள் எத்தனை லட்சமோ. அவளுக்குப் பிறகு மாதிரி எடுத்துப் பார்க்கிறவர்கள் உண்டு, ஆனால் அது ஆயிரத்தில் ஒரு கைப்பிடி. மிச்சம் எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளில், யார் யாருடைய நரம்பிலோ. யசோதராவுக்கு இரண்டு வருடம் உலகம் மங்கியிருந்ததைவிட இந்த நிமிடம் கொடுமையாக இருந்தது.

ஒவ்வொரு பேட்சிலும் கொஞ்சம் குப்பிகளைப் பூட்டிவைக்கிறீர்களே, என் பேட்சுகளை எல்லாம் எடுத்து வேறு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள்.

ஓஸ்வால்ட் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டார். “யசோ, ஜெயிச்சிட்டே இல்ல, வுட்டுடும்மா. நீயே போயி உன் தலைல கல்லத் தூக்கிப் போட்டுக்கினா எப்படி? நாளைக்கு ஒண்ணு கெடச்சிதுன்னா மொதல்ல உன்னத்தான் அனுப்புவாங்க.”

“அனுப்பட்டும்ணா. பாக்கறதுக்குத்தான சம்பளம் குடுக்கறாங்க? பாத்துட்டேன், சொல்றேன்.”

தேஜஸ் பூசி மெழுகப் பார்த்தான். அந்தச் சமயத்தில் அவளுக்கு உடம்பு சரியில்லை, அது தெரிந்தால் யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள், எதற்குப் பழசைக் கிளற வேண்டும் என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் யசோதராவுக்குப் பொறுமை அறுந்தது. அதுவரை அவனோடு கன்னடத்தில் ஓடிய பேச்சு தமிழுக்கு வந்துவிட்டது. கோபத்தில் அவளுக்குத் தமிழ்தான் வரும், தேஜஸுக்கும் தமிழ் நன்றாகவே புரியும்.

“சார், வைத்தியம் பாத்துக்கினு நல்லாகி வந்தேன், நோயாளின்னு சொல்லி வெளிய தள்ளப் பாத்தீங்க. நெஜமாவே நோயாளியா இருந்தப்போ சால்வ போட்டுக் கைதட்டினீங்க. நான் தூசிய கம்மியா சொன்னா நல்ல கண்ணு, ஜாஸ்தி சொன்னா கெட்ட கண்ணா?”

தேஜஸ் அந்த மாற்றல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தான். மேலே பேட்ச் எண்களை எழுதினான், இருப்பில் உள்ள மாதிரிக் குப்பிகளை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று எழுதினான்.  அந்தத் தாள் மேலே போனால் அவன் பெயரும்தான் கேட்கப்படும். பயந்துகொண்டே எழுதினான், அதற்காகவே அவனைப் பாராட்டலாம்.

தாளின் கடைசியில் ‘மூலக் காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட முடியாது. என்ன எழுதுவது என்று தேஜஸ் உண்மையாகவே அவளைக் கேட்டான்.

“ஆய்வாளருக்கு ரெண்டு வருஷம் உடம்பு சரியில்ல, யாரும் கேக்கல. இதான் காரணம், எழுதுங்க” என்றாள் யசோதரா.

ஆய்வாளருக்கு இரண்டு வருடம் உடல்நலம் இல்லை என்று எழுதிவிட்டுப் புள்ளி வைத்தான். தாளை அவள் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினான். அவள் படித்துப் பார்த்தாள். பேனாவைத் தொடாமல் தாளை அவன் பக்கமே திருப்பி வைத்தாள்.

“மிச்சத்தையும் எழுதுங்க சார்.”

அவன் ஓஸ்வால்டைப் பார்த்தான். ஓஸ்வால்ட் தலையைக் குனிந்துகொண்டு, எழுதுங்க என்றார். அவன் எழுதி முடித்த பிறகுதான் யசோதரா கையெழுத்துப் போட்டாள்.